மோட்டார் யாரைக் கேட்டு ஓட வேண்டும்

எனக்குக் கம்ப்யூட்டர் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சம்பவத்தைக் கேட்பவர்களில் பாதிப் பேர் நான் புதியது எதையும் ஏற்காத ஆள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இல்லை. தண்டையார்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது தெருமுனையில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுத்த கூண்டுகள், வியர்வையில் ஊறிய நாற்காலிகள், கேம் ஆடும் பையன்களின் கூச்சல். பெண் என்று அங்கே போய் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். ஒருநாள் மவுஸின் வலது பொத்தானைத் தெரியாமல் அழுத்தி, வந்த பட்டியலில் எதையோ தட்டி, ஒரு வலைப்பக்கம் எந்தெந்த வரிகளால் ஆனது என்பது திரையில் விரிந்தபோது மூச்சு நின்றுவிட்டது. யாரும் ஒளித்து வைக்கவில்லை. எப்படிச் செய்தோம், பார்த்துக்கொள் என்று எங்கிருந்தோ ஒருவர் எனக்கு, எங்கள் தெருவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். இணையத்தின் மேல் எனக்கு வந்த காதல் அந்த மாலையில் வந்தது.

பிறகு டிப்ளமோ படித்தேன். இப்போது கிண்டியில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி எடைமேடையில் ஏறி நின்றதும் திரையில் ஓர் எண் வருகிறதல்லவா, அந்த எண்ணைத் தரும் மின்பலகைக்கு நிரல் எழுதுவது என் பொறுப்பு. அம்மா காசிமேட்டில் இறால் தரம் பிரிக்கப் போகிறவள். அவள் பெயருக்கு எர்ணாவூர் குடியிருப்பில் வீடு ஒதுக்கினார்கள். மூன்று மாடிக் கட்டடம். எங்களுக்கு இரண்டாவது மாடி.

அங்கே தண்ணீர் வருவது இப்படி. குழாயிலோ லாரியிலோ வருவது தரைக்கடியில் இருக்கும் தொட்டியில் நிரம்பும். அதை மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். மோட்டார் சுவிட்ச் தரைத்தளத்தில் ஓர் அக்காவின் வீட்டுக்கு வெளியே இருந்தது. காலையில் இட்லிக் கடை போடுகிறவர். மாவு கரைத்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவிட்சைப் போடுவார். சில நாள் மறந்துவிடுவார், தொட்டி வழிந்து சுவரெல்லாம் நனையும். மாடியிலிருந்து ஒருவர் கத்துவார், அக்கா கீழிருந்து பதில் கொடுப்பார், கட்டடமே விழித்துக்கொள்ளும்.

இதற்கு முடிவு கட்டத்தான் அந்தப் பெட்டி வந்தது. பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று சமூகசேவைக்கு ஒதுக்கிய நிதியில், ஒரு புதிய கம்பெனி எங்கள் கட்டடங்களுக்குத் தானியங்கி மோட்டார் பெட்டிகளைத் தொடக்க காலத்துக்கு இலவசம் என்று மாட்டிக் கொடுத்தது. வெள்ளை நிறம், உள்ளே சிம் கார்டு, மேலே ஒரு சின்ன விளக்கு. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை அது கம்பெனியின் சர்வருக்குச் சொல்லும். மோட்டாரை ஓட்டு, நிறுத்து என்று சர்வர் பதில் சொல்லும். போனில் ஒரு ஆப் கொடுத்தார்கள். கிண்டியில் என் மேஜையில் உட்கார்ந்து, எர்ணாவூர் தொட்டியில் நீலக் கோடு மெல்ல ஏறுவதைப் பார்த்தேன். அழகாக இருந்தது. வேறு சொல் இல்லை. சண்டைகளும் நின்றுபோயின.

பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைப் பூசி மெழுகியிருந்தது மட்டும் எனக்கு உறுத்தியது. மாட்ட வந்தவரிடம் கேட்டேன். ஆப்பிலேயே சுவிட்ச் இருக்கிறது என்றார்.

அம்மாவுக்கு நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் மீன்வெட்டும் கையை நிறுத்திவிட்டு ஒன்று கேட்டாள்.

"நம்ம தொட்டில தண்ணி கீதா இல்லியான்னு, எங்கியோ குந்திகினு இருக்கறவன் சொன்னாத்தான் மோட்டாரு ஓடுமா?"

ஆமாம் என்றேன். அவள் மறுபடி மீனை வெட்டத் தொடங்கினாள்.

அந்த வருடம் பெருமழை கடற்கரையை ஒட்டியே வந்தது. மின்சாரம் போனது, தெரு முழங்கால் ஆழத்துக்கு நிறைந்தது. மின்வாரிய ஆட்கள் தண்ணீரில் நின்றபடி வேலை பார்த்து, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே கரண்டைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் பக்கத்து செல்போன் கோபுரங்கள் எழுந்திருக்கவில்லை. கரண்ட் இருந்தது. கீழ்த்தொட்டியின் மூடியை உயரமாகக் கட்டியிருந்ததால் உள்ளே நல்ல தண்ணீர் இருந்தது. மோட்டார் இருந்தது. தண்ணீர் மட்டும் மேலே ஏறவில்லை. வெள்ளைப் பெட்டியின் விளக்கு சிவப்பாக மின்னிக்கொண்டே இருந்தது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலை வரை நடந்துபோய், சிக்னல் கிடைத்த இடத்தில் ஆப்பைத் திறந்தேன். 'கருவியுடன் தொடர்பு இல்லை. காத்திருக்கவும்' என்று வந்தது. உதவி எண்ணில் ஒரு பதிவுக் குரல், என் அழைப்பு அவர்களுக்கு முக்கியமானது என்றது.

திரும்பி வந்தபோது படிக்கட்டு முழுக்கத் தண்ணீர் சிந்திக் கிடந்தது. மூன்றாவது மாடியில் ஒரு பெண் அப்போதுதான் பிரசவமாகி வந்திருந்தாள். அவளுடைய அம்மா, குடத்தை இடுப்பில் வைத்து ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருந்தார். நான் வாங்கிக்கொள்ளப் போனேன். வேண்டாம், அடுத்த குடத்தைக் கொண்டு வா என்றார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இறங்கும்போது இட்லிக்கடை அக்கா பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தார்.

"இன்னா பாப்பா, கரண்ட்டு கீது, தண்ணி கீது. அது இன்னாத்துக்கு முய்ச்சிகினு கீது?"

சர்வரோடு பேச முடியவில்லை, அதனால் நிற்கிறது என்றேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. தொட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு கட்டடத்தின் உயரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க எங்கள் தண்ணீர் வேறு ஊரில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றது. நான் எழுதும் எடைமேடை நிரல் இப்படி நின்றால், லாரிக்காரர்கள் என்னைத் தேடி வந்து அடிப்பார்கள். அடிக்கவும் வேண்டும்.

பெட்டியைத் திறக்கப் போகிறேன் என்று எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், நிதானமான மனிதர். அவர் பயந்தார். அதில் யாரும் கை வைக்க மாட்டோம் என்று சங்கத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"கை வெச்சா மொத்தமா புடுங்கினு பூடுவாங்க. ரெண்டு நாளு பொறுத்துக்கோ."

"மேல புள்ள பெத்தவ இருக்கா, அண்ணா. நீங்க போய் அவளாண்ட சொல்லுங்க ரெண்டு நாளுன்னு."

அவர் மாடிப்படியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

பெட்டியின் திருகுகள் முக்கோணத் தலை வைத்தவை. சாதாரண ஸ்குரூடிரைவர் நுழையாது. ஒரு பொருளில் இப்படித் திருகு போடுவது, வாங்கியவனைப் பார்த்து இது உன்னுடையது அல்ல என்று சொல்வதுதான் என்பது என் கருத்து. என் அலுவலகப் பையில் எல்லாவிதத் தலைக்கும் முனைகள் இருந்தன. மெயினை அணைத்தேன். டெஸ்டரை வைத்து, கரண்ட் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு திறந்தேன்.

உள்ளே பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது. மட்டமான வேலையாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அருமையான வேலை. கம்பிகள் சீவிவிட்டதுபோல ஒழுங்காக ஓடின. பலகையில் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் அச்சடித்திருந்தது. தொட்டியின் நீர்மட்டம் சொல்லும் கம்பி நேரே அந்தப் பலகைக்குத்தான் வந்தது. மேலே தொட்டி காலி என்பது அதற்குத் தெரியும். மோட்டாரை ஓட்டும் ரிலே அதன் பக்கத்திலேயே இருந்தது. தெரிந்தும் சும்மா இருக்கும்படி அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ரிலேயை ஒட்டி இரண்டு காலித் துளைகள், அவற்றின் மேல் 'கையால் இயக்க' என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில். அதாவது இந்தப் பலகையை வரைந்த பொறியாளர் ஒரு சுவிட்சுக்கு இடம் விட்டிருக்கிறார். அதற்குப் பிறகு யாரோ ஒருவர், எங்கோ ஒரு கூட்டத்தில், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

அந்தத் துளைகள் எங்கே போகின்றன என்று தடம் பிடித்துப் பார்த்தேன். ரிலேயின் இரண்டு முனைகளுக்கே போயின. இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து வெளியே இழுத்து, நல்ல தரமான ஒரு சுவிட்சைச் சுவரில் மாட்டினேன். பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கி எடுத்துக் கொடுத்த சுவிட்ச் அது. மெயினைப் போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

அவர் புடவைத் தலைப்பில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஒருமுறை முனகி, பிறகு ஓடத் தொடங்கியது. குழாய்க்குள் காற்று விலகித் தண்ணீர் ஏறும் சத்தம் மாடிமாடியாக மேலே போனது. தலைவர் மொட்டைமாடியில் நின்றுகொண்டு, வந்துகினு கீது என்று கீழே சேதி சொன்னார். அந்தச் சத்தத்தைவிட நல்ல இசையை நான் கேட்டதில்லை.

கோபுரங்கள் உயிர்பெற்ற சில நாட்களில் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். பெட்டியைத் திறந்த செய்தி, சிக்னல் வந்ததும் அவர்கள் சர்வருக்குப் போயிருக்கிறது. தண்ணீர் இல்லை என்ற செய்தியை வாங்க முடியாத சர்வர், மூடியைத் திறந்த செய்தியை மட்டும் பத்திரமாக வாங்கி வைத்திருந்தது. என்னைவிடக் கொஞ்சம் இளையவர், மரியாதையாகத்தான் பேசினார். கட்டடத்துக்கு முன்னால் எல்லோரும் கூடிவிட்டோம். இது ஒப்பந்தத்தை மீறியது, உத்தரவாதம் போய்விட்டது என்று விளக்கினார். சுவிட்சுக்கு இடம் விட்டும் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். அவர் சுற்றியிருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி எனக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னார்.

"உங்களுக்குத் தெரியாததா மேடம். இந்த மாதிரி ஏரியால சுவிட்ச் வெச்சா உடைச்சிடுவாங்க."

நான் எர்ணாவூர்க்காரி என்பது அவருக்குத் தெரியவில்லை. என் சுடிதாரும் நான் பேசிய தொழில்நுட்பச் சொற்களும் என்னை அவர் பக்கத்தில் சேர்த்துவிட்டன. அந்த இடத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதைக் கூட்டத்துக்குக் கேட்கும்படி திரும்பச் சொன்னேன், அதே வார்த்தைகளில்.

அக்காதான் முன்னால் வந்தார்.

"நானு எத்தினி வருசமா அந்த சுவிட்ச போட்டுகினு இருந்தேன். ஒடச்சனா? ஒயுங்கா இருந்தத புடுங்கினு போனது நீங்கதான்."

கம்பெனி ஆளின் முகம் சுருங்கியது. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது. வேறு யாரோ எடுத்த முடிவுக்கு அவர் வெயிலில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் நான் விடவில்லை. தொட்டி காலி என்று உங்கள் பெட்டிக்கே தெரியும், தெரிந்தும் ஓடாதே என்று எழுதியது யார் என்று கேட்டேன். அது கம்பெனி கொள்கை என்றார். இலவசக் காலம் முடிந்ததும் சந்தா கட்ட வேண்டியிருக்கும், சர்வர் இல்லாமலே மோட்டார் ஓடினால் யார் கட்டுவார்கள் என்று கேட்டேன். சுவிட்சைக் கழற்றாவிட்டால் பெட்டியை எடுத்துக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை என்றார்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"மோட்டாரு எங்கள்து. உன் பொட்டிய எடுத்துகினு போ, தம்பி."

கொண்டுபோனார். அது வெற்றி என்று நினைக்க வேண்டாம். ஸ்டார்ட்டரும், அதில் நான் நேரடியாக இணைத்த மொட்டைச் சுவிட்சும்தான் மிஞ்சின. தொட்டி மறுபடி வழியத் தொடங்கியது, மறுபடி கூச்சல். எதிர்வீட்டுக்காரருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள், மனைவிக்கும் வேலை. அந்த ஆப் அவருக்கு உண்மையிலேயே உதவியாக இருந்தது. அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மாவும் குத்திக்காட்டினாள். இருந்ததையும் விட்டுத்தொலைத்தாய், உன் படிப்புக்கு இதுதான் லட்சணமா என்றாள்.

அலுவலகத்தில் மதிய உணவின்போது சொன்னேன். என் பக்கத்து மேஜைக்காரர், நல்ல பொறியாளர், கம்பெனிக்காரனைச் சொல்லிக் குற்றமில்லை என்றார். எல்லோர் கையிலும் எல்லாவற்றையும் கொடுத்துவிட முடியாது, தெரியாதவர்கள் தொட்டால் ஆபத்து, எதையும் ஓரிடத்தில் வைத்து நிர்வகிப்பதுதான் பாதுகாப்பு என்றார். நானும் யோசித்துத்தான் பதில் சொன்னேன். ஆபத்து என்றால் தொட்டாலும் ஆபத்து வராதபடி செய்வதுதான் நம் வேலை. தொடவே விடாமல் பூட்டுவது பாதுகாப்பு இல்லை, சோம்பேறித்தனம். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. அண்ணாநகரில் ஒரு மாடிவீட்டு மோட்டாருக்கு இதே பெட்டியை விற்றால் சுவிட்ச் இல்லாமல் விற்பார்களா? அவர் தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்க மாட்டார்கள் என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

பேசிவிட்டுப் போவது எளிது. அம்மா சொன்னது உள்ளே இருந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேடையில் ஒரு பலகையை நானே செய்யத் தொடங்கினேன். மீன்வாடையும் பற்றவைக்கும் ஈயத்தின் புகையும் சேர்ந்து அம்மாவுக்கு எரிச்சலூட்டின. என் பலகைக்கு நான் வைத்த வரிசை இது. முதலில் கை: சுவிட்சைப் போட்டால் எது கெட்டிருந்தாலும் மோட்டார் ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் தானியக்கம். தொட்டி காலியானால் அதுவே ஓட்டும், நிறைந்தால் அதுவே நிறுத்தும், எவரையும் கேட்காமல். கடைசியில் இணையம். சிக்னல் இருந்தால் போனில் நீலக் கோடு தெரியும். இல்லையென்றால் கோடு தெரியாது, அவ்வளவுதான். இணையம் எனக்குப் பிடித்த விருந்தாளி. அடுப்பங்கரைச் சாவியை அதன் கையில் கொடுக்க மாட்டேன்.

மாட்டியபோது பெட்டிக்குச் சாதாரணத் திருகுகளே போட்டேன். எந்தக் கம்பி எங்கே போகிறது என்ற படத்தை மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். மேலே கொட்டை எழுத்தில், 'மெயினை அணைக்காமல் தொடாதே'. வந்து நின்றவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினேன். அக்கா அதிகம் கேள்வி கேட்டார். எதிர்வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நீலக் கோடு மறுபடி வந்த அன்று அவர் எனக்கு வணக்கம் வைத்தார். நிரலையும் படத்தையும் தமிழில் எழுதிய குறிப்புகளோடு இணையத்தில் திறந்தே போட்டேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம். பக்கத்துக் கட்டடங்களில் பெரும்பாலானவை வெள்ளைப் பெட்டியோடே இருக்கின்றன. ஒரு கட்டடத்தார் மட்டும் வந்து கேட்டார்கள், செய்து கொடுத்தேன். எனக்கு அதில் வருத்தமில்லை.

கோடையில் ஒருநாள் நான் வேலையில் இருக்கும்போது அக்கா போன் செய்தார். காலையிலிருந்து மோட்டார் ஓடவில்லை. சுவிட்சைப் போட்டாலும் ஓடவில்லை. எது கெட்டாலும் ஓடும் என்று ஊர்முழுக்கச் சொன்னவள் நான். மாலையில் வந்து பார்க்கிறேன், அதுவரை யாரும் தொட வேண்டாம் என்று வாயில் வந்துவிட்டது. அதற்குள் அவரே சொன்னார்.

"தொறந்துட்டோம் பாப்பா. அந்த டப்பா சுவிட்சு உள்ள பூரா எறும்பு. அத்தத் தட்டி வுட்டுட்டம், இப்ப ஓடுது. அத்த சொல்லத்தான் போன் போட்டேன்."

மோட்டாருக்குப் போகும் பெரிய கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டரைத்தான் அவர் டப்பா சுவிட்ச் என்கிறார். வெயில் காலத்தில் எறும்பு அதில் கூடு வைக்கும். தகடுகள் சேராமல் போய்விடும். கிண்டியில் படித்தவர்கள் மறந்துபோகும் விஷயம், நான் உட்பட. மெயினை அணைத்தீர்களா என்று பதறிக் கேட்டேன். எழுதித்தானே வைத்திருக்கிறாய், எதிர்வீட்டுப் பையன்தான் படித்துப் படித்துச் சொன்னான், டெஸ்டரும் அவன்தான் வைத்துப் பார்த்தான் என்றார், கொஞ்சம் கோபமாகவே. எதிர்வீட்டுப் பையன் என்றது இரண்டு குழந்தைகளின் அப்பாவை.

மாலையில் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூடியின் உள்பக்கம், என் படத்துக்குக் கீழே, பால்பாயின்ட் பேனாவில் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'எறும்பு வந்தா பல்லு வெளக்கற பிரஷ்ஷால தட்டி வுடணும்.' அதை அப்படியே இணையக் குறிப்பிலும் ஏற்றினேன். சில வாரங்கள் கழித்து, எங்கோ ஓர் ஊரிலிருந்து அந்தப் பலகையைச் செய்து பார்த்த ஒருவர் திருத்தம் ஒன்று அனுப்பியிருந்தார். தொழில்நுட்பத்தில் குறை சொல்லவில்லை. அந்த வரி கொச்சையாக இருக்கிறது, 'தட்டிவிட வேண்டும்' என்று நல்ல தமிழில் மாற்றலாமே என்று பணிவாக எழுதியிருந்தார்.

நன்றி சொல்லிப் பதில் போட்டேன். வரியை மாற்றவில்லை.